பழைய கேமராவும் அம்மாவின் முகமும்

போனிலேயே 50 மெகாபிக்சல், 108 மெகாபிக்சல், 200 மெகாபிக்சல் என்று வந்துவிட்ட காலம் இது. இந்த நேரத்தில் 24 மெகாபிக்சல் கேமராவைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு கல்யாண வீட்டுக்குப் போனால், "இன்னுமா இதை வச்சிருக்கீங்க?" என்று யாராவது கேட்காமல் இருக்க மாட்டார்கள். என் அக்கா மகன் பார்க்கும்போதெல்லாம் சொல்வான்: "மாமா, இதை வித்துட்டுப் புதுசு ஒண்ணு வாங்குங்க. இ.எம்.ஐ-ல கிடைக்குது."

சரி, அவன் சொல்வதில் எவ்வளவு நியாயம் இருக்கிறது என்று உட்கார்ந்து கணக்குப் பார்த்தேன்.

என்னிடம் இருப்பது 2014-ல் வந்த தொடக்கநிலை மிரர்லெஸ் கேமரா. செகண்ட் ஹேண்டில் வாங்கினேன். எந்தக் கம்பெனி என்பது முக்கியமில்லை. அந்தச் சமயத்தில் வந்த குறைந்த விலை மிரர்லெஸ் பலவும் கிட்டத்தட்ட இப்படித்தான்.

அது என்ன மிரர்லெஸ்? பழைய எஸ்.எல்.ஆர் கேமராவுக்குள் ஒரு கண்ணாடி இருக்கும். லென்ஸ் வழியே வரும் வெளிச்சத்தை அதுதான் நம் கண்ணுக்குத் திருப்பி அனுப்பும். அந்தக் கண்ணாடியை எடுத்துவிட்டு, வெளிச்சத்தை நேராக சென்சாரில் விழவைத்தால் மிரர்லெஸ். 2008-ல் பானாசோனிக் கொண்டுவந்த லூமிக்ஸ் ஜி1 இந்த வகைக்கு முன்னோடி. கண்ணாடி போனதால் கேமரா சிறுத்தது, எடையும் குறைந்தது.

ஆனால், முதல் குறையும் அங்கேதான் ஆரம்பிக்கிறது. நாம் படம் எடுக்காமல் சும்மா பார்த்துக்கொண்டிருந்தாலும் சென்சாரும் திரையும் வேலை செய்துகொண்டே இருக்கும். அதனால் பேட்டரி சீக்கிரம் காலியாகிவிடும். எனக்கு ஒரு பேட்டரியில் 300 படம் வந்தால் பெரிய விஷயம். முகூர்த்தம் முடிந்து பந்திக்குப் போவதற்குள் சிவப்பு விளக்கு மினுக்கும்.

இரண்டாவது, கை நடுக்கம். இப்போது வரும் பல கேமராக்களில் சென்சாரே அசைந்துகொடுத்து நடுக்கத்தைச் சமாளிக்கும். இதில் அது இல்லை. 50 எம்.எம் லென்ஸ் போட்டால், ஷட்டர் வேகம் நொடியில் 80-ல் ஒரு பங்குக்குக் கீழே போகாமல் நான்தான் பார்த்துக்கொள்ள வேண்டும். மூச்சைப் பிடித்து, முழங்கையை விலாவோடு ஒட்டிவைத்து எடுக்கிறேன்.

மூன்றாவது, மங்கலான வெளிச்சம். மண்டபத்தில் ஐ.எஸ்.ஓ-வை 3200-க்கு மேல் ஏற்றினால் படம் முழுக்க மணல் தூவியதுபோல் புள்ளிகள். ஃபோகஸும் தடுமாறும். ஓடுகிற குழந்தையின் கண்ணைப் புதிய கேமரா விடாமல் பிடிக்கும். என்னுடையது குழந்தைக்குப் பின்னால் இருக்கும் வாழைமரத்தைப் பிடிக்கும்.

வீடியோவில் 4கே கிடையாது. அரை மணி நேரத்துக்குக் கொஞ்சம் முன்னாலேயே பதிவு நின்றுவிடும். இதற்கு ஒரு வேடிக்கையான காரணம் உண்டு. அரை மணி நேரமோ அதற்கு மேலோ தொடர்ந்து பதிவுசெய்யும் கேமராவை வீடியோ கேமராவாகக் கணக்கில் எடுத்து ஐரோப்பாவில் கூடுதல் சுங்கவரி போட்டார்கள். அதைத் தவிர்க்கவே பல கம்பெனிகள் அந்த வரம்பை வைத்தன. அங்கே வரி, இங்கே என் அக்கா பேத்தியின் நடனம் பாதியில் நிற்கிறது!

குறைகள் இவ்வளவு இருக்கும்போது ஏன் வைத்திருக்கிறேன்? காரணம் அம்மா.

அப்பா இறந்த அன்று மாலை போடுவதற்கு ஒரு படம் தேடினோம். வீட்டில் எல்லோரிடமும் போன் இருந்தது, ஆயிரக்கணக்கில் படங்களும் இருந்தன. அப்பா தனியாக இருக்கும் படம் ஒன்றுகூட இல்லை. கடைசியில் ஒரு கல்யாண குரூப் போட்டோவிலிருந்து வெட்டி எடுத்துப் பெரிதாக்கினார்கள். இன்றும் எங்கள் வீட்டுச் சுவரில் இருக்கும் அந்தப் படத்தில், அப்பாவின் தோளில் யாரோ ஒருவரின் விரல்கள் தெரியும்.

அம்மாவுக்கு இப்போது 78 வயது. போனில் அவரை எடுத்துக் காட்டினால் முகத்தைச் சுளிப்பார். பல போன்கள் நாம் கேட்காமலேயே சுருக்கத்தை இழுத்துச் சமப்படுத்தி, நிறத்தையும் கூட்டிவிடுகின்றன. "இது யாருய்யா?" என்று கேட்டுவிட்டுத் திருப்பித் தந்துவிடுவார்.

ஒருநாள் காலை பத்து மணி வாக்கில், ஜன்னலோரம் கீரை ஆய்ந்துகொண்டிருந்தவரை இந்தக் கேமராவில் எடுத்தேன். கன்னத்து மச்சம், காது வளர்த்த தழும்பு, நெற்றிக் கோடுகள் எல்லாம் அப்படியே வந்திருந்தன. பிரின்ட் போட்டுக் கொடுத்தேன். ரொம்ப நேரம் பார்த்தார். "எங்கம்மா மாதிரியே ஆயிட்டேன்யா" என்றார். அந்தப் படத்தைப் பீரோவில் பட்டுப்புடவைக்கு அடியில் வைத்துவிட்டார். எதற்காக அங்கே வைத்தார் என்று நானும் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை.

அந்தப் படத்துக்கு மேலே சொன்ன எந்தக் குறையும் குறுக்கே வரவில்லை என்பதை யோசித்துப் பாருங்கள். ஜன்னல் வெளிச்சம் இருந்ததால் ஐ.எஸ்.ஓ ஏறவில்லை. உட்கார்ந்திருப்பவரை எடுக்க வேகமான ஃபோகஸ் தேவைப்படவில்லை. சென்சாரோ சாதாரண போனில் இருப்பதைவிடப் பல மடங்கு பெரியது.

கல்யாண வீடுகளில் படமெடுத்துச் சம்பாதிப்பவர், விளையாட்டுப் போட்டி எடுப்பவர், யூடியூப் சேனல் நடத்துபவர் எல்லாம் தாராளமாகப் புதியது வாங்கலாம். அவர்களுக்கு ஒரு தருணம் தவறினால் வருமானம் போகும். வீட்டு மனிதர்களை எடுக்கும் என்னைப் போன்றவர்களுக்கு, பழைய 50 எம்.எம் எஃப் 1.8 லென்ஸ் ஒன்றும் கூடுதலாக ஒரு பேட்டரியும் போதும். நான் அதைத்தான் செய்தேன். இ.எம்.ஐ இல்லை. நம் ஊர் ஈரப்பதத்தில் லென்ஸில் பூஞ்சை பிடிக்கும் என்பதால், காற்றுப் புகாத டப்பாவில் சிலிக்கா ஜெல் பாக்கெட்டோடு வைக்கிறேன். செலவு அவ்வளவுதான்.

உங்கள் வீட்டு அலமாரியிலும் இப்படி ஒரு பழைய கேமரா தூங்கிக்கொண்டிருந்தால், இந்த ஞாயிற்றுக்கிழமை சார்ஜ் போடுங்கள். வீட்டில் மூத்தவர் யாரோ, அவரை ஜன்னலோரம் உட்காரவைத்துத் தனியாக ஒரு படம் எடுங்கள். எடுத்ததைப் போனிலேயே விட்டுவிடாமல், மறக்காமல் பிரின்ட் போட்டு அவர் கையிலேயே கொடுங்கள்.