லூக்காஸின் 39 இலக்கங்கள்

2-இன் 127ஆம் அடுக்கிலிருந்து 1-ஐக் கழித்தால் 39 இலக்க எண் வரும். அது பகா எண் என்று 1876-இல் நிறுவியவர் பிரான்ஸின் எத்துவார் லூக்காஸ். கணினி இல்லாத காலம்.

அவர் காட்டிய வழிதான் என்னை மயக்குகிறது. வகுத்துப் பார்க்கப் போனால் ஆயுள் போதாது. 3-இல் தொடங்கி, வர்க்கமாக்கி 2-ஐக் கழித்துக்கொண்டே போகவேண்டும்: 7, 47, 2207... பெருத்துவிட்டால் அந்த 39 இலக்க எண்ணால் வகுத்து மீதியை மட்டும் வைத்துக்கொள்ளலாம். 125ஆவது படியில் மீதி பூச்சியம்; அப்படி வந்தால் அந்த எண் பகா எண். வகுஎண் எதையும் தேடாமலே தீர்ப்பு! என்ன அழகு!

1951 வரை இதைவிடப் பெரிய பகா எண் எதுவும் கண்டுபிடிக்கப்படவில்லை.

2, 3, 7, 127, அடுத்து இது. ஒவ்வொன்றையும் 2-க்கு அடுக்காக்கி 1 கழித்தால் அடுத்தது கிடைக்கும்; ஐந்துமே பகா எண்கள். ஆறாவது? அதன் இலக்கங்களின் எண்ணிக்கையே 10-இன் 37ஆம் அடுக்கைத் தாண்டுகிறது. பகா எண்ணா என்பது இன்றும் தீராத கேள்வி.