பூ நகரும் கணக்கு

ஜெய்ப்பூரிலிருந்து அஜ்மீர் போகும் நெடுஞ்சாலையில் ஏறத்தாழ 30 கி.மீ. தள்ளி இருக்கிறது பக்ரு. சீப்பா சமூகத்தார் தலைமுறை தலைமுறையாக மரக்கட்டையால் துணியில் அச்சிட்டுவரும் ஊர். நான் போயிருந்த பட்டறையில், சாக்கும் துணியும் மடித்துப் பரப்பிய நீள மேசை ஒன்று இருந்தது. கடுக்காய் நீரில் ஊறி வெளிர் மஞ்சளான துணியை அதன்மேல் இழுத்துக் குண்டூசி குத்தியிருந்தார்கள்.

அச்சிடுபவர் மேசையின் இடது ஓரத்தில் தொடங்கினார். கட்டையைச் சாயத் தட்டில் ஒற்றுவார், துணியில் வைப்பார், அதன் முதுகில் கையால் ஒரு குத்து விடுவார். பூ பதிந்துவிடும். கட்டை எழும்பி வலப்பக்கம் நகரும்.

பள்ளியில் இடப்பெயர்வு என்று படிப்பது இதைத்தான். ஆயத்தளத்தில் (2, 3), (5, 3), (2, 7) என்ற முனைகள் கொண்ட முக்கோணத்தை வலப்பக்கம் 10 அலகு நகர்த்தினால் முனைகள் (12, 3), (15, 3), (12, 7) ஆகும். பக்க நீளம் மாறாது, கோணம் மாறாது, உருவம் திரும்பவும் செய்யாது. 10 செ.மீ. சதுரக் கட்டையில் உள்ள பூவின் ஒவ்வொரு இதழ் நுனிக்கும் இதே கணக்குதான். அடுத்த நெடுவரிசையைப் பாதியளவு ஏற்றிப் பதிக்க வேண்டுமென்றால் நகர்வு வலப்பக்கம் 10, மேலே 5.

அளவுகோல் வைக்காமல் இது எப்படி நடக்கிறது? கட்டையின் மூலைகளில் கண்ணுக்கு எளிதில் படாத சிறு புள்ளிகள் உண்டு. முன்பு பதிந்த புள்ளியின் மேல் புதிய புள்ளி உட்கார வேண்டும். அவ்வளவுதான் குறி.

ஆனால் இதில் தவறு சேர்ந்துகொண்டே போகும். ஒவ்வொரு பதிவும் முந்தையதைப் பார்த்தே விழுவதால், தடவைக்கு 1 மி.மீ. ஒரே பக்கம் பிசகினாலும் 40 நகர்வுகளில் 4 செ.மீ. போய்விடும். வரிசை 1 பாகை சாய்ந்தால் 4 மீட்டர் கடந்ததும் பூ ஏறக்குறைய 7 செ.மீ. விலகி நிற்கும். இத்தனைக்கும் வேலை ஒரு கட்டையோடு முடிவதில்லை. வெளிக்கோட்டுக்கு ‘ரேக்’, உள்ளே நிரப்ப ‘தத்தா’ என்று தனித்தனிக் கட்டைகள். இரும்புத் துருவும் வெல்லமும் ஊறிய கரைசலில் கறுப்பு, படிகாரம் பூசிய இடத்தில் பின்னர் சிவப்பு. இரண்டு கட்டைகளும் ஒரே நகர்வில் போகாவிட்டால் இதழ் ஓரிடம், நிறம் ஓரிடம். அந்தக் கைகளின் துல்லியத்தை வெறும் பழக்கம் என்று சொல்ல எனக்கு மனமில்லை. அது செய்து தேர்ந்த வடிவியல்.

படுக்கை விரிப்பின் கரை மூலையில் திரும்பும் இடத்தில் மட்டும் நகர்வு போதாது. அங்கே காகிதத்தை 45 பாகையில் மறைப்பாக வைத்து, கட்டையை 90 பாகை திருப்பிப் பதிக்கிறார்கள்.

நகர்வு, திருப்பம் எல்லாம் சேர்த்துப் பார்த்தாலும், தளமெங்கும் திரும்பத் திரும்ப வரும் கோலங்கள் சமச்சீர் வகையில் 17 மட்டுமே என்று ரஷ்ய அறிஞர் ஃபியோடரோவ் 1891-இல் நிறுவினார். அந்த 17-க்கும் அடித்தளம் இரு திசைகளில் நிகழும் இடப்பெயர்வு.

கணித ஆசிரியர்களிடம் ஒரு வேண்டுகோள். இந்தப் பாடம் வரும் நாளில் ஓர் அச்சுக்கட்டையையும் பெரிய கட்டத்தாளையும் வகுப்புக்குக் கொண்டுபோங்கள். கட்டை கிடைக்காவிட்டால் பாதியாக வெட்டிச் செதுக்கிய உருளைக்கிழங்கு போதும். பிள்ளைகள் முதலில் பதிக்கட்டும். ஆயத்தொலைவுகளைப் பிறகு எழுதட்டும்.