வந்த வழி

செப்டம்பர் 4, 2025. வியாழன். திண்டிவனம்.

கோர்ட்டுக்குக் கிளம்பும் நேரத்தில் கீழ்ப்புத்துப்பட்டு இலங்கைத் தமிழர் முகாமில் இருக்கும் அக்காவிடமிருந்து போன். "தம்பி, இனி நாங்கள் இங்கேயே இருக்கலாமாம், டிவியில சொல்றாங்கள். மெய்தானோ?"

சாயந்திரம் வக்கீல் ஐயாவிடம், டிவியில் சொன்ன உத்தரவின் நகலை வாங்கிப் படித்தேன். 2015 ஜனவரி 9 வரை தஞ்சம் புகுந்து பதிவு செய்துகொண்ட இலங்கைத் தமிழர்களை, பாஸ்போர்ட்டும் விசாவும் இல்லாத குற்றத்துக்காக இனித் தண்டிக்க மாட்டார்கள். இந்த மாதம் முதல் தேதி அமலுக்கு வந்த புதிய வெளிநாட்டினர் சட்டத்தின் கீழ் கொடுத்த விலக்கு. ஜெயிலில் போடமாட்டோம் என்பது ஒன்று, இங்கேயே இரு என்பது வேறு. குமாஸ்தா வேலையில் இந்த மாதிரி வித்தியாசத்தை எத்தனையோ பேருக்கு விளக்கியிருக்கிறேன். அக்காவிடம் மட்டும், "ஞாயித்துக்கிழமை நேர்ல வர்றேன்க்கா" என்று சொல்லி வைத்துவிட்டேன்.

செப்டம்பர் 7, ஞாயிறு. கீழ்ப்புத்துப்பட்டு.

மரக்காணம் போய், உப்பளங்களைத் தாண்டி, ஈ.சி.ஆரில் தெற்கே. அய்யனார் கோயிலுக்கு வந்த வேன்கள் ரோட்டை அடைத்துக்கொண்டிருந்தன.

"அகதிகள் முகாம்" என்பது 2021இல் "இலங்கைத் தமிழர் மறுவாழ்வு முகாம்" ஆனது. அந்த வருடம்தான் பணக்கொடையும் கூடியது. குடும்பத் தலைவருக்கு 1,500 ரூபாய், மற்ற பெரியவர்களுக்கு 1,000, பிள்ளைகளுக்கு 500. மாநில அரசால் முடிந்தது அது. குடியுரிமை டெல்லியின் கையில்.

அக்கா பழைய பிஸ்கட் டின்னைத் திறந்து காகிதங்களைப் பாயில் பரப்பினார். முதலில் 1985இல் மன்னாரிலிருந்து படகு. மண்டபம் முகாமில் இருக்கும்போது 1986இல் மகன் பிறந்தான். ராஜீவ் - ஜெயவர்த்தனா ஒப்பந்தத்துக்குப் பிறகு, சண்டை ஓய்ந்தது என்று நம்பி ஊருக்குத் திரும்பினார்கள். 1990இல் மறுபடி சண்டை, மறுபடி படகு. இங்கே முகாமில் இருக்கும்போது 1996இல் மகள் பிறந்தாள். திண்டிவனம் அரசு கலைக் கல்லூரியில் பி.காம். முடித்து, புதுச்சேரியில் ஒரு கடையில் கணக்கு எழுதுகிறாள்.

மகன் இந்தியன். 1987 ஜூலை 1க்கு முன் இந்த மண்ணில் பிறந்தவருக்குப் பெற்றோர் யார் என்று சட்டம் கேட்பதில்லை. அப்படி மண்டபத்தில் பிறந்து திருச்சி முகாமில் இருந்த ஒரு பெண், உயர் நீதிமன்ற மதுரைக் கிளைக்குப் போய் பாஸ்போர்ட் வாங்கி, 2024 தேர்தலில் ஓட்டும் போட்டார். மகள் விஷயம் வேறு. 1987க்குப் பிறகு பெற்றோரில் ஒருவராவது இந்தியராக இருக்க வேண்டும். கடலையே தாண்டாதவள் வெளிநாட்டுக்காரி.

பேரப்பிள்ளைகள் கதைதான் என்னைப் படுத்துகிறது. அப்பா இந்தியன். அம்மா படகில் வந்தவள். 2004 டிசம்பர் 3க்குப் பிறகு பிறந்த பிள்ளைக்கு, பெற்றோரில் ஒருவர் இந்தியராக இருந்தால் மட்டும் போதாது, மற்றவர் சட்டவிரோதக் குடியேறியாக இருக்கவும் கூடாது. இந்தியனுக்கு இந்தியாவில் பிறந்த பிள்ளைகள் இந்தியர் இல்லை. அண்ணன் ஓட்டுப் போடலாம், தங்கை போட முடியாது, அண்ணன் பிள்ளைகளும் போட முடியாது. ஒரே ஓட்டு வீட்டுக்குள் இத்தனை சட்டம்.

"ஆதார் கார்டு இருக்கே சார்?" என்றாள் மகள். ஆதார் குடியிருப்பவருக்குக் கொடுப்பது, அது குடியுரிமைக்குச் சான்றாகாது என்றேன். அவளுக்கும் தெரிந்ததுதான்.

செப்டம்பர் 8, திங்கள். விழுப்புரம்.

கலெக்டர் ஆபீஸ். குறைதீர் நாள் கூட்டம். பட்டா, முதியோர் பென்ஷன், வாய்க்கால் தகராறு மனுக்களுக்கு நடுவே, குடியுரிமை கேட்கும் எங்கள் மனு. வாங்கிக்கொண்டு ரசீது கொடுத்தார்கள். வேறெந்த மனுவானாலும் ரசீது கையில் இருந்தால் எனக்கு நிம்மதி வந்துவிடும், இதில் வரவில்லை. இந்த விஷயத்தில் மாவட்டத்தின் வேலை மேலே அனுப்புவது மட்டும்.

குடியுரிமை விண்ணப்பத்தையும் எடுத்துப் பார்த்தோம். பன்னிரண்டு வருடம் இந்தியாவில் வசித்திருந்தால் இயல்புரிமையாகக் கேட்கலாம். அக்காவிடம் அதைப் போல மூன்று மடங்கு இருக்கப் போகிறது. ஆனால் சட்டவிரோதக் குடியேறி என்று முத்திரை விழுந்தவர் அந்த விண்ணப்பத்தையே போட முடியாது. கூடவே இணைக்கச் சொல்வது: செல்லத்தக்க வெளிநாட்டு பாஸ்போர்ட், வசிப்பு அனுமதி. ஷெல்லுக்குப் பயந்து இரவில் படகேறியவரிடம் இதைக் கேட்கிறார்கள்.

செப்டம்பர் 11, வியாழன். திண்டிவனம்.

அக்காவின் தம்பி டொரண்டோவில் இருக்கிறார். அவரும் காகிதம் சரியில்லாமல்தான் போய் இறங்கினார். அகதி என்று ஏற்று நிரந்தர வதிவிடம் கொடுத்தார்கள். அதன்பின் ஐந்து வருடத்தில் 1,095 நாள் அந்த நாட்டில் இருந்தால் குடியுரிமைக்கு விண்ணப்பிக்கலாம். அங்கே நாளை எண்ணுகிறார்கள். இங்கே அகதிகளுக்கென்று ஒரு சட்டமே கிடையாது, 1951 அகதிகள் உடன்படிக்கையிலும் இந்தியா கையெழுத்திடவில்லை.

அவ்வளவு தூரம் போவானேன். முகாமிலிருந்து சற்று தெற்கே, இதே மாவட்டத்தில், ஆரோவில். எத்தனையோ தேசத்துக்காரர்கள் பல வருடங்களாக வாழ்கிறார்கள். விசாவுக்கு அவர்களும் அலைகிறார்கள், மறுக்கவில்லை. ஆனாலும் அவர்கள் இருந்த வருடம் சட்டத்தின் கண்ணில் வருடம். 2019 குடியுரிமைச் சட்டத் திருத்தத்தில் பாகிஸ்தான், வங்கதேசம், ஆப்கானிஸ்தானிலிருந்து வந்த ஆறு மதத்தாருக்குச் சட்டவிரோதக் குடியேறி என்ற முத்திரையையே அழித்தார்கள். இலங்கை அந்தப் பட்டியலில் இல்லை. ஏன் இல்லை என்பதற்கு நான் கேட்ட எந்தப் பதிலும் என்னைத் திருப்திப்படுத்தவில்லை. 1964இல் சிறிமாவும் சாஸ்திரியும் உட்கார்ந்து பேசி, ஐந்தேகால் லட்சம் மலையகத் தமிழரை இந்தியா ஏற்பதாகக் கையெழுத்துப் போட்டார்கள். அந்த மக்களைக் கேட்காமலே பங்கு பிரித்ததில் எனக்கு உடன்பாடில்லை. ஆனால் மனம் வைத்தால் லட்சக்கணக்கில் குடியுரிமை கொடுக்க முடியும் என்பதற்கு அதைவிடச் சாட்சி வேண்டாம்.

வக்கீல் ஐயா அதிக நம்பிக்கை தரவில்லை. போன மே மாதம் உச்ச நீதிமன்றம், இந்தியா தர்மசாலை அல்ல என்று சொல்லி ஓர் இலங்கைத் தமிழரின் மனுவைத் தள்ளியதை நினைவுபடுத்தினார்.

செப்டம்பர் 14, ஞாயிறு. கீழ்ப்புத்துப்பட்டு.

மகன் பாஸ்போர்ட்டுக்கு விண்ணப்பிக்கட்டும், மறுத்தால் மதுரைக்குப் போன பெண்ணின் வழியில் கோர்ட்டுக்குப் போகலாம் என்பது முடிவாகிவிட்டது. மண்டபத்துப் பிறப்புச் சான்றிதழ் பத்திரமாக இருக்கிறது. பெயின்ட் வேலைக்குப் போனவன் மதியம்தான் வந்தான். "நான் மட்டும் வாங்கி என்ன சார் செய்ய?" என்றான். பிள்ளைகள் வழக்குக்கு அதுதான் முதல் படி என்று சொல்லிக் கையெழுத்து வாங்கினேன்.

மகளுக்கு இருக்கும் வழி கோணலானது. சென்னையில் இலங்கைத் துணைத் தூதரகத்தில் பிறப்பைப் பதிந்து, இலங்கைக் குடிமகள் என்று சான்று பெற்று, அந்த நாட்டு பாஸ்போர்ட் எடுக்க வேண்டும். அதற்குப் பிறகுதான் விசா, வசிப்பு அனுமதி, விண்ணப்பம் என்றெல்லாம் பேச்சே எழும். அதிலும் உறுதி ஒன்றும் இல்லை. பார்த்தே இராத நாட்டின் குடிமகளாகி, பிறந்த நாட்டிடம் விசா கேட்பது.

மகள் சரி என்கிறாள். அக்கா ஒத்துக்கொள்ளவில்லை. "அந்தப் பாஸ்போர்ட் எடுத்தால், உங்கட நாட்டுக்கே போங்கோ எண்டு சொல்லிப்போடுவாங்கள் தம்பி." அந்தப் பயத்தை எந்தச் சட்டப் பிரிவைக் காட்டிப் போக்குவது? அப்படி நடக்காது என்று என்னால் எழுதிக் கொடுக்க முடியாது. அதைச் சொன்னேன். மகள், "இருபத்தொன்பது வயசாகுது அம்மா" என்றாள், கோபமாகத்தான். டொரண்டோ மாமாவிடம் கேட்டுவிட்டு முடிவு செய்வதாக எழுந்துபோனாள். பிறப்புப் பதிவுக்கான படிவத்தைப் பாதி நிரப்பி அவர்களிடமே கொடுத்துவிட்டு, மரக்காணம் பஸ் பிடித்தேன்.