யோசனை சொன்னவன்

நாவல் எழுதுகிறவனிடம் யாரும் யோசனை கேட்கக் கூடாது. வைத்தியம் தெரியாதவனிடம் மருந்து கேட்டால், "எனக்குத் தெரியாது, டாக்டரிடம் போங்கள்" என்று சொல்லிவிடுவான். எழுத்தாளன் அப்படிச் சொல்ல மாட்டான். கதையில் பத்துக் கல்யாணங்களை நடத்தி வைத்து, நாலு குடும்பங்களைப் பிரித்து, இரண்டைச் சேர்த்துப் பழகிய தோஷத்தால், நிஜ மனிதர்களுக்கும் ஒரு முடிவை எழுதிக் கொடுத்துவிடுவான். நானும் ஒரு தடவை அப்படி எழுதிக் கொடுத்தேன். ஜப்பானில் நடந்த ஒரு ஹாக்கிப் பந்தயத்தைப் பார்த்த பிறகுதான் நான் செய்த காரியம் எனக்குப் புரிந்தது.

வேலூருக்கும் ஆரணிக்கும் நடுவில் இருக்கிற கண்ணமங்கலம் எங்கள் ஊர். ஆரணிப் பட்டு என்று நீங்கள் கடையில் ஆசையோடு விரித்துப் பார்க்கிறீர்களே, அது இந்தப் பக்கத்து வீடுகளின் தறிக்குழிகளிலிருந்து எழுந்து வருவதுதான். எங்கள் எதிர்வீட்டிலும் தறி உண்டு. அந்த வீட்டுக்காரர் என்னைவிடப் பத்து வயசு மூத்தவர். நான் அவரை அண்ணா என்றுதான் கூப்பிடுவேன். கல்லூரியில் பாதியில் நின்றவன் நான் என்பது ஊரறிந்த விஷயம். ஆனாலும் அச்சில் பெயர் வருகிறவன் ஆகையால், அவர் கணக்கில் நான் மெத்தப் படித்தவன்.

2014-ஆம் வருஷம் பொங்கலுக்கு ஊருக்குப் போயிருந்தபோது அவர் திண்ணையில் வந்து உட்கார்ந்தார். அவருடைய பெண் அப்போது பத்தாவது படித்துக்கொண்டிருந்தாள். பள்ளிக்கூடத்து ஹாக்கிக் கோஷ்டியில் அவள் கோல்கீப்பர். வெளியூரில் விடுதியில் தங்கிப் படித்துக்கொண்டே விளையாடலாம் என்று ஓர் அழைப்பு வந்திருந்தது.

"என்ன தம்பி செய்யலாம்? நீ சொல்லு" என்றார்.

நான் சாவகாசமாகக் காபியைக் குடித்துவிட்டு யோசனை சொன்னேன். பெண் குழந்தை, பந்து முகத்தில் பட்டால் என்ன ஆவது? வெளியூர் விடுதி, யார் போய்ப் பார்ப்பது? ஹாக்கி நாளைக்குச் சோறு போடுமா? "முதலில் பத்தாவது முடியட்டும் அண்ணா. அப்புறம் பார்க்கலாம்" என்றேன்.

'அப்புறம் பார்க்கலாம்' என்பதைப் போலத் தந்திரமான வார்த்தை தமிழில் வேறு கிடையாது. இல்லை என்று சொன்ன பாவமும் நமக்குச் சேராது. ஆனால் காரியம் நடக்காது. அண்ணா தலையை ஆட்டிக்கொண்டு எழுந்து போனார். வாசற்படியில் நின்று கேட்டுக்கொண்டிருந்த பெண் உள்ளே போய்விட்டாள். அழைப்புக்குப் பதில் போகவில்லை.

வேடிக்கை என்னவென்றால், அந்த மாதம் ஒரு பத்திரிகையில் என் தொடர்கதை வந்துகொண்டிருந்தது. அதன் கதாநாயகி நடு ராத்திரியில் ஒற்றைப் பெட்டியோடு வீட்டை விட்டுப் புறப்பட்டு, தன் வழியைத் தானே தேடிக்கொள்கிறாள். அவளுடைய தைரியத்தை மெச்சி எனக்கு நிறையக் கடிதங்கள் வந்தன.

ஏழு வருஷம் ஓடிற்று. 2021 ஜூலைக் கடைசியில், கொரோனாவின் இரண்டாவது அலை சற்றுத் தணிந்த பிறகு ஊருக்குப் போனேன். தெருவே சத்தமில்லாமல் இருந்தது. கல்யாணங்களெல்லாம் ஐம்பது பேரோடு முடிந்துபோனால் பட்டுப் புடவை யார் வாங்குவார்கள்? எதிர்வீட்டுத் தறிக்குப் பாவு வந்து நாலு மாசம் ஆகியிருந்தது. அந்தப் பெண்ணுக்கு இருபத்திரண்டு வயசு. அப்பாவோடு சேர்ந்து நெய்கிறவள், நெய்ய நூலில்லாமல் உட்கார்ந்திருந்தாள்.

ஆகஸ்டு 2-ஆம் தேதி, திங்கட்கிழமை. காலை எட்டரை மணிக்கு அண்ணா வாசலில் நின்று, "தம்பி, வா. நம்ம பொண்ணுங்க ஆஸ்திரேலியாவோட ஆடறாங்க" என்று கூப்பிட்டார். டோக்கியோ ஒலிம்பிக், பெண்கள் ஹாக்கி, கால் இறுதி ஆட்டம். தறி இருந்த கூடத்திலேயே டெலிவிஷனும் இருந்தது. பெண் தறிக்குழியில் காலைத் தொங்கவிட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

நமக்கு ஜெயம் கிடைக்கும் என்று யாரும் நினைக்கவில்லை. ஆஸ்திரேலியா மூன்று தடவை ஒலிம்பிக் தங்கம் வாங்கிய நாடு. டோக்கியோவில் தன் பிரிவில் ஐந்து ஆட்டங்களையும் ஜெயித்துவிட்டு வந்திருந்தது. நம்முடையவர்களோ முதல் மூன்று ஆட்டங்களிலும் தோற்றவர்கள். நெதர்லாந்திடம் 1-5, ஜெர்மனியிடம் 0-2, பிரிட்டனிடம் 1-4. பிறகு அயர்லாந்தை 1-0 என்றும், தென்னாப்பிரிக்காவை 4-3 என்றும் வென்று, ஜன்னல் வழியாக நுழைகிறவர்களைப் போலக் கால் இறுதிக்குள் வந்தவர்கள். தென்னாப்பிரிக்காவுடன் ஆடியபோது வந்தனா கட்டாரியா தனி ஆளாக மூன்று கோல் போட்டிருந்தார்.

எனக்கு ஹாக்கி தெரியாது. பெண்தான் ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டு வந்தாள். 22-ஆவது நிமிஷத்தில் நமக்கு ஒரு பெனால்டி கார்னர் கிடைத்தது.

"இப்ப பாருங்க சித்தப்பா. கோலைக் காக்கறதுக்கு அஞ்சு பேருதான் இருக்கலாம், கோல்கீப்பரோட சேத்து. மத்தவங்க எல்லாரும் நடுக்கோட்டுக்குப் போயிடணும். பந்து வட்டத்தை விட்டு வெளிய வந்த பிறகுதான் அடிக்கலாம்."

அவள் சொல்லி வாய் மூடுவதற்குள் குர்ஜித் கவுர் பந்தைத் தாழ்வாகச் சுண்டிவிட்டார். கோல்! அண்ணா துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார். அதற்கு மேல் கொண்டாட நேரமில்லை. மிச்சமிருந்த நேரம் முழுவதும் அந்த ஒரு கோலைக் காப்பாற்றுகிற வேலையாகப் போயிற்று. அலை அலையாக ஆஸ்திரேலியர்கள் வந்தார்கள். அவர்களுக்குப் பெனால்டி கார்னர் மேல் பெனால்டி கார்னராகக் கிடைத்தது. கோல் வாயில் ஹரியானாக்காரியான சவிதா பூனியா நின்றார். காலால் உதைத்தார், மட்டையால் தள்ளினார், விழுந்து தடுத்தார்.

அப்போதுதான் 'டக்' என்று ஒரு சத்தம் கேட்டுத் திரும்பிப் பார்த்தேன். சவிதாவின் கால் நீளும்போதெல்லாம், தறிக்குழிக்குள் அந்தப் பெண்ணின் கால் மிதிகட்டையை மிதித்தது. வலது பக்கம் பந்து வந்தால் வலது கால். இடது பக்கம் வந்தால் இடது கால். பாவில்லாத தறியில் விழுது மட்டும் ஏறி இறங்கிற்று. அவளுக்கு அது தெரியவே இல்லை. கண் டெலிவிஷனிலேயே இருந்தது. சில தடவை சவிதா அசைவதற்கு முன்பே மிதிகட்டை அசைந்தது.

அதற்கு மேல் என்னால் ஆட்டத்தைச் சரியாகப் பார்க்க முடியவில்லை.

இந்தியா 1-0 என்று ஜெயித்தது. ஒலிம்பிக்கில் நம் பெண்கள் ஹாக்கிக் கோஷ்டி அரை இறுதிக்குப் போனது அதுதான் முதல் தடவை. அண்ணா என் முகத்தைப் பார்த்தார். என்ன தெரிந்ததோ, "நீ அன்னிக்குச் சொன்னது நல்லதுக்குத்தான், தம்பி" என்றார். அவர் என்னைத் திட்டியிருந்தால் தேவலை.

அந்த வாரம் முழுவதும் இந்தப் பெண்களைப் பற்றித் தேடித் தேடிப் படித்தேன். 1980-இல் மாஸ்கோ ஒலிம்பிக்கில், தமிழ்நாட்டுக்காரரான வாசுதேவன் பாஸ்கரனின் தலைமையில் ஆண்கள் தங்கம் வாங்கியது நம்மில் பலருக்கு நினைவிருக்கிறது. அதே மாஸ்கோவில்தான் ஒலிம்பிக்கில் முதல் முதலாகப் பெண்கள் ஹாக்கி நடந்தது. ரூபா சைனியின் தலைமையில் நம் பெண்கள் ஆறு நாடுகளில் நான்காவதாக வந்தார்கள்; தங்கம் வாங்கிய ஜிம்பாப்வேயுடன் 1-1 என்று சமன் செய்தார்கள். அதை நான் நாற்பது வயசுக்கு மேல்தான் தெரிந்துகொண்டேன். அதன்பின் 36 வருஷம் கழித்து 2016-இல் ரியோவுக்குப் போய், பன்னிரண்டு நாடுகளில் பன்னிரண்டாவதாகத் திரும்பினார்கள். அந்தக் கடைசி இடத்திலிருந்துதான் டோக்கியோவுக்கு வந்தார்கள்.

கோஷ்டியின் தலைவி ராணி ராம்பாலின் கதையையும் படித்தேன். தகப்பனார் வண்டி இழுத்துப் பிழைத்தவர். பயிற்சிக்கு வரும் குழந்தைகள் தினம் அரை லிட்டர் பால் கொண்டுவர வேண்டுமாம். வீட்டில் 200 மில்லிதான் வாங்க முடியும். யாருக்கும் தெரியாமல் தண்ணீர் கலந்து கொண்டு போவாராம். வீட்டில் கடிகாரம் கிடையாது. அதிகாலையில் மகளை எழுப்புவதற்காகத் தாயார் வானத்தைப் பார்த்துக்கொண்டு விழித்திருப்பாராம்.

இதைப் படித்த அன்று எனக்குத் தூக்கம் வரவில்லை. அந்தத் தாயார் யாரிடமும் போய் யோசனை கேட்கவில்லை போலிருக்கிறது.

புதன்கிழமை அரை இறுதியில் அர்ஜென்டினாவிடம் 1-2 என்று தோற்றோம். வெள்ளிக்கிழமை காலை ஏழு மணிக்கு வெண்கலத்துக்காகப் பிரிட்டனோடு ஆட்டம். சென்னைக்குத் திரும்பவேண்டியவன் அதற்காகவே தங்கிவிட்டேன். 0-2 என்று பின்தங்கி, ஐந்து நிமிஷத்துக்குள் மூன்று கோல் போட்டு 3-2 என்று முந்தி, கடைசியில் 3-4 என்று தோற்றார்கள். மறுபடியும் நாலாவது இடம். மைதானத்திலேயே உட்கார்ந்து அழுதார்கள். ஜெயித்த பிரிட்டிஷ்காரப் பெண்களே வந்து தேற்றினார்கள். அண்ணா எழுந்து கொல்லைப் பக்கம் போய்விட்டார்.

நான் மெதுவாகச் சொன்னேன்: "அம்மா, அன்றைக்கு நான் தப்பான யோசனை சொல்லிவிட்டேன்."

அவள் டெலிவிஷனை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தாள். கோபம் இல்லை. கணக்கைச் சரிபார்க்கிறவளைப் போலச் சொன்னாள்:

"தப்புன்னு எப்படிச் சித்தப்பா சொல்றது? நான் போயிருந்தா மொத வருஷமே வேணாம்னு திருப்பி அனுப்பிச்சிருக்கலாம். நான் நல்லா ஆடுவேனா, ஆட மாட்டேனான்னு தெரியாமலே போயிடுச்சு. அவ்வளவுதான்."

அவ்வளவுதான். டோக்கியோவில் அழுத பெண்களுக்குத் தாங்கள் யார் என்று தெரியும். எவ்வளவு தூரம் வந்தோம், எந்தக் கோலில் விட்டோம் என்று தெரியும். இவளுக்குத் தோற்பதற்குக்கூட ஒரு பந்தயம் கிடைக்கவில்லை. காரணம் ஹாக்கி அல்ல. வறுமைகூட முழுக் காரணம் அல்ல. திண்ணையில் காபி குடித்துக்கொண்டு ஒருவன் சொன்ன, கேட்க மிகவும் நியாயமாக இருந்த நாலு வார்த்தைகள்.

பிறகு அவளுக்குக் கல்யாணம் ஆகி ஆரணிக்குப் போய்விட்டாள். அங்கேயும் தறிதான். 2024 நவம்பர் 20-ஆம் தேதி ராத்திரி அவளிடமிருந்து டெலிபோன் வந்தது. பீகாரில் ராஜ்கீரில் நடந்த ஆசிய சாம்பியன்ஸ் கோப்பை இறுதி ஆட்டத்தில், தீபிகா போட்ட ஒரே கோலில் இந்தியா சீனாவை 1-0 என்று ஜெயித்திருந்தது. அந்த வருஷம் பாரிஸ் ஒலிம்பிக்கில் சீனா வெள்ளி வாங்கியிருந்தது. நம் பெண்களுக்கோ பாரிஸுக்குப் போகவே தகுதி கிடைத்திருக்கவில்லை.

"பாத்தீங்களா சித்தப்பா?" என்றாள். பார்த்தேன் என்றேன். கொஞ்ச நேரம் ஆட்டத்தைப் பற்றிப் பேசிவிட்டு, "அண்ணன் பொண்ணு நாலாவது படிக்கிறா. ஹாக்கி மட்டை வாங்கிக் கொடுத்திருக்கேன்" என்றாள்.

"ரொம்ப நல்லது. அப்பா என்ன சொல்கிறார்?"

அவள் சிரித்தாள். "அப்பா, சித்தப்பாவை ஒரு வார்த்தை கேட்டுட்டு வாங்கலாமேன்னாரு. மட்டையை வாங்கிட்டு அப்புறம் கேக்கலாம்னு சொல்லிட்டேன்."