திருச்சியில் இறங்கியபின் ஒரு நூறு கிலோமீட்டர்

பட்டுக்கோட்டைப் பக்கத்துக்காரர்களுக்குச் சிங்கப்பூர் தூரத்து ஊர் அல்ல. நாகப்பட்டினத்தில் கப்பலேறிப் பினாங்குக்கும் சிங்கப்பூருக்கும் போனவர்களின் பேரன் பேத்திகள் இன்று திருச்சியில் விமானம் ஏறி நாலு மணி நேரத்தில் அங்கே இறங்கிவிடுகிறார்கள். பிழைப்புக்காக மட்டும் போன காலம் மாறி, அங்கே வேலை பார்க்கும் அண்ணன் வீட்டிலோ மச்சான் வீட்டிலோ தங்கி, சனி ஞாயிறு லீவில் பிள்ளைகளுக்குச் செந்தோசாத் தீவின் யுனிவர்சல் ஸ்டூடியோஸ் கேளிக்கைப் பூங்காவைக் காட்டிவிட்டு வருவதும் நடுத்தரக் குடும்பங்களுக்கு எட்டும் ஆசையாகிவிட்டது. நல்ல மாற்றம்தான். ஆனால் அந்தப் பயணம் முழுவதிலும் உயிருக்கு ஆபத்தான பகுதி திருச்சி விமான நிலைய வாசலில்தான் தொடங்குகிறது. டிக்கெட், விசா, பூங்காவுக்கு எந்த நாள் போவது என்று மாதக்கணக்கில் யோசிக்கும் குடும்பங்கள் அந்தப் பகுதிக்கு மட்டும் எந்தத் திட்டமும் போடுவதில்லை. “வண்டி வந்துடும், விடியறதுக்குள்ள வீட்டுக்குப் போயிடலாம்” என்பதோடு பேச்சு முடிந்துவிடுகிறது. இந்தப் பழக்கத்தை விட்டே ஆக வேண்டும் என்பது என் கட்சி.

பூங்காவில் என்ன நடக்கிறது என்பதை முதலில் பார்ப்போம். ‘பேட்டில்ஸ்டார் கலாக்டிகா’ என்ற ராட்டினத்தில் ஏற ஒரு பிள்ளை 125 சென்டிமீட்டர் உயரம் இருக்க வேண்டும். வாசலில் அளவுகோல் நிற்கிறது. ஒரு விரற்கடை குறைந்தாலும் அழுகைக்கோ கெஞ்சலுக்கோ அங்கே இடமில்லை. உட்கார்ந்ததும் இருக்கைத் தளை இறங்கிப் பூட்டிக்கொள்கிறது. பணியாளர் ஒவ்வொரு இருக்கையாக வந்து அதைக் கையால் இழுத்துப் பார்த்து, எல்லாம் சரி என்று சைகை காட்டிய பிறகே வண்டி நகரும். பூங்கா 2010 மார்ச்சில் திறந்த சில நாட்களிலேயே இதே ராட்டினத்தின் ஓர் இருக்கையில் சேதம் தெரிந்தது. உடனே நிறுத்தினார்கள், மறுபடி ஓடியது 2011 தொடக்கத்தில்தான். 2013-இல் மீண்டும் நிறுத்தி, நால்வர் இருக்கைகளை இருவர் இருக்கைகளாக மாற்றி, 2015-இல் திறந்தார்கள். கோடிக்கணக்கில் செலவழித்துக் கட்டிய ஒன்றை இப்படி இழுத்து மூடிவைக்க முடிந்ததற்குக் காரணம், அச்சம் தருவதுதான் அங்கே தொழில், ஆபத்து அல்ல என்பதில் அவர்கள் தெளிவாக இருந்ததுதான். வீடு திரும்பும் சாலையில் நிலைமை நேர் எதிர். அச்சமே தோன்றாது, ஆபத்து மட்டும் கூடவே வரும். பகலில் இரும்புத் தளைக்குள் கட்டுண்டு உட்கார்ந்த அதே பிள்ளை, அன்றிரவு காரின் பின்சீட்டில் பெல்ட் இல்லாமல் அம்மா மடியில் தலைவைத்துத் தூங்கிக்கொண்டு வருகிறது.

விமான நிலையம் புதுக்கோட்டை சாலையில் இருக்கிறது. 2024 ஜூனில் பயன்பாட்டுக்கு வந்த புதிய முனையம் அகலமானது, அழகானது. கோபுரமும் கோலமுமாக வரவேற்கிறது. குடியேற்றச் சோதனை, பெட்டிக்குக் காத்திருப்பு, சுங்கம் எல்லாம் முடிந்து வெளியே வரும்போது மணி என்ன என்பதைவிட, உடம்புக்கு மணி என்ன என்று கேட்க வேண்டும். சிங்கப்பூர் நேரம் நமக்கு இரண்டரை மணி முந்தியது. அங்கே காலை 7 மணிக்கு எழுந்தவர் நம் கணக்கில் 4.30-க்கே எழுந்துவிட்டார். பகலெல்லாம் வெயிலில் வரிசையில் நின்று, இரவு விமானம் பிடித்து, இங்கே நள்ளிரவு 12 மணிக்குக் காரில் ஏறும்போது அவர் விழித்து பத்தொன்பதரை மணி நேரம் ஆகியிருக்கும். முன்பே விமான நிலையத்தில் நிறுத்திவைத்த சொந்த வண்டியை அவரே எடுத்து ஓட்டினால் விஷயம் முடிந்தது. ஆஸ்திரேலிய ஆய்வாளர்கள் 1997-இலும் 2000-இலும் வெளியிட்ட ஆய்வுகளின்படி, 17 மணி நேரத்துக்கு மேல் தொடர்ந்து விழித்திருப்பவரின் கையும் கண்ணும், 100 மில்லி இரத்தத்தில் 50 மில்லிகிராம் மது கலந்தவரின் நிலைக்குத் தடுமாறுகின்றன. நம் நாட்டுச் சட்டம் ஓட்டுநருக்கு அனுமதிக்கும் எல்லை 30 மில்லிகிராம். குடித்தவனிடம் சாவியைக் கொடுக்க எந்த வீட்டிலும் சம்மதிக்க மாட்டார்கள்; தூங்காதவனிடம் கொடுக்கிறார்கள்.

“நாங்க ஓட்டறதில்லையே, டிரைவர் வர்றாரே” என்பது உடனே வரும் மறுப்பு. வரட்டும். அந்த டிரைவர் அன்று காலை எத்தனை மணிக்கு எழுந்தார்? பட்டுக்கோட்டை ஸ்டாண்டில் வண்டி வைத்திருப்பவருக்கோ ஆக்டிங் டிரைவருக்கோ விடியற்காலையில் பள்ளிப் பிள்ளைகள் சவாரி, மதியம் ஒரு கல்யாண வாடகை, அந்தி சாய்ந்ததும் திருச்சிக்குப் புறப்பாடு என்பது நடக்காத கதை அல்ல. காலை 5 மணிக்கு எழுந்தவர் நள்ளிரவு 1 மணிக்குத் தஞ்சாவூரைத் தாண்டும்போது 20 மணி நேரம் விழித்தவர். நடுவில் வண்டி நிறுத்துமிடத்தில் சீட்டைச் சாய்த்து, கொசுக்கடியில், விமானம் இறங்கிவிட்டதா என்று போனைப் பார்த்துப் பார்த்துக் கண் மூடியதைத் தூக்கக் கணக்கில் சேர்க்க முடியாது. 1961-ஆம் ஆண்டு மோட்டார் போக்குவரத்துத் தொழிலாளர் சட்டம் ஒரு நாளைக்கு 8 மணி நேரம்தான் வேலை என்றது. ஆனால் ஐந்து பேருக்குக் குறையாமல் வேலை செய்யும் நிறுவனங்களுக்குத்தான் அது பொருந்தியது. ஒற்றை வண்டிக்காரரைக் காக்க அதில் வழியிருக்கவில்லை. அவருடைய களைப்பை விசாரிக்கக்கூடிய ஒரே ஆள், வாடகை பேசுகிறவர்தான்.

வண்டி தஞ்சாவூர் சாலையைப் பிடித்தபின், அரியமங்கலம், காட்டூர், திருவெறும்பூர் வரை கடைகளும் விளக்குகளுமாக நகரம் கூடவே வருகிறது. குறுக்கே ஆட்கள் கடப்பதும் சந்துகளிலிருந்து வண்டிகள் நுழைவதுமாகக் கண் விழித்தே ஆக வேண்டிய இடம். பால்பண்ணையிலிருந்து துவாக்குடி வரை சர்வீஸ் சாலை வேண்டும் என்று ஊர்க்காரர்கள் பல ஆண்டுகளாகப் போராடுவது இதனால்தான். துவாக்குடியும் வாழவந்தான்கோட்டைச் சுங்கச்சாவடியும் கடந்ததும் நாலுவழிச் சாலை நேராக விரிகிறது. செங்கிப்பட்டி, வல்லம் என்று சிரமமில்லாத ஓட்டம். சிரமமில்லை என்பதே இங்கே வினை. திருப்பமில்லாத சாலை, ஒரே சீரான இரைச்சல், ஏசிக் குளிர், பின்னால் எல்லாரும் தூங்கும் மூச்சு. கண் திறந்திருக்கும்போதே மூளை சில விநாடி உறங்கிப்போவதற்கு இதைவிடத் தோதான சூழல் கிடையாது. 80 கிலோமீட்டர் வேகத்தில் ஒரு விநாடிக்கு 22 மீட்டர் போகிறது வண்டி. மூன்று விநாடி அசந்தால் 66 மீட்டரை யாரும் ஓட்டவில்லை என்று பொருள். டீ குடித்தால் தெளியும், பாட்டுப் போட்டால் தெளியும் என்பார்கள். காபி டீ கொஞ்ச நேரம் தாக்குப்பிடிக்க வைக்கும், உண்மைதான். கண்ணாடியை இறக்குவதும் பாட்டைக் கூட்டுவதும் சில நிமிடங்களுக்கு மேல் உதவுவதில்லை. தூக்கத்துக்கு மருந்து தூக்கம் ஒன்றுதான்; ஓரங்கட்டி ஒரு இருபது நிமிடம் படுத்தாலே வித்தியாசம் தெரியும்.

இன்னொரு மறுப்பு இதைவிட வலுவானது. ராத்திரியில் ரோடு காலி, வெயில் இல்லை, நெரிசல் இல்லை, பகலைவிடப் பாதுகாப்பு என்கிறார்கள். புள்ளிவிவரமும் மேலோட்டமாக அவர்கள் பக்கம்தான் நிற்கும்: மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகத்தின் ஆண்டறிக்கைகளில் அதிக விபத்துகள் பதிவாவது மாலை 6 முதல் இரவு 9 மணிக்குள், நள்ளிரவுக்குப் பின் எண்ணிக்கை குறைந்துவிடுகிறது. ஆனால் அந்நேரத்தில் சாலையில் ஓடும் வண்டிகளும் எத்தனையோ மடங்கு குறைவு. ஓடுகிற ஒவ்வொரு வண்டிக்கும் எவ்வளவு ஆபத்து என்று வகுத்துப் பார்த்தால்தான் நியாயமான கணக்கு. உடம்பின் கடிகாரம் அடியாழத்துக்கு இறங்குவது 2 முதல் 5 மணிக்குள் என்பதில் உறக்க ஆய்வாளர்களிடையே கருத்து வேறுபாடு இல்லை. 2022-இல் மட்டும் நாட்டில் 1,68,491 பேர் சாலையில் இறந்தார்கள். தமிழ்நாட்டில் 17,884 பேர். விபத்துகளின் எண்ணிக்கையில் அந்த ஆண்டு நம் மாநிலம்தான் முதலிடம், 64,105. “நம்ம டிரைவர் இருபது வருஷ சர்வீஸ்” என்பதும் பதிலாகாது. அனுபவம் வளைவைச் சமாளிக்கும், தூக்கத்தைச் சமாளிக்காது.

தஞ்சாவூரைச் சுற்றிக்கொண்டு பட்டுக்கோட்டை சாலையில் திரும்பியதும் பாதையின் குணமே மாறிவிடுகிறது. எதிரே வரும் லாரியின் வெளிச்சம் நேராகக் கண்ணில் அடிக்கிறது. மேட்டூர் அணைத் திட்டத்தோடு 1934-இல் வந்த கல்லணைக் கால்வாய் இந்த வறண்ட மேட்டுப் பகுதியை நெல் விளையும் பூமியாக்கியது. அதன் கிளை வாய்க்கால்களைத் தாண்டித் தாண்டித்தான் ஊருக்குப் போக வேண்டும். அறுவடைக் காலத்தில் வருகிறவர்கள் இன்னொன்றையும் பார்க்கலாம். கொள்முதல் நிலையத்தில் ஈர நெல்லை எடுக்க மாட்டார்கள், ஊரில் களம் போதாது. விவசாயி வேறு எங்கே போவார்? தார்ச்சாலையின் ஒரு பக்கத்தில் நெல்லைப் பரப்பிக் காயவைக்கிறார். பொழுது போனதும் குவித்துப் படுதா போட்டு மூடி, வண்டி ஏறிவிடாமல் இருக்கச் சுற்றிலும் கருங்கற்களை அடுக்கி, முள்ளும் வெட்டிப் போடுகிறார். இருட்டில் அந்தப் படுதாவும் தாரும் ஒரே நிறம். பத்தடி நெருங்கிய பிறகே கல் தெரியும். பின்விளக்கு இல்லாமல் வைக்கோல் ஏற்றி நகரும் டிராக்டரும் அப்படித்தான். முழு விழிப்போடு ஓட்டுகிறவருக்கு இவை தடங்கல்; அரைத்தூக்கத்தில் இருப்பவருக்கு எமன். களமும் உலர்த்தியும் கட்டித் தராமல் விவசாயியைக் குறை சொல்ல எனக்கு மனமில்லை.

ஒரத்தநாடு வருகிறது. இந்தச் சாலையின் வரலாற்றில் மிக முக்கியமான கட்டடம் இங்கேதான் நிற்கிறது. தஞ்சை மன்னர் இரண்டாம் சரபோஜி 19-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கட்டிய முத்தம்பாள் சத்திரம் அது. இராமேசுவரம் போகும் யாத்திரிகர்களுக்காகத் தஞ்சை மராத்தியர்கள் வழிநெடுகச் சத்திரங்கள் எழுப்பினார்கள். ஒரத்தநாட்டுக்குத் தெற்கே அதிராம்பட்டினத்தை ஒட்டிய இராசாமடமும் அந்த வரிசையில் வந்ததே. சோறும் படுக்க இடமும் தந்ததோடு, நோயுற்றவருக்கு வைத்தியமும் பார்த்தார்கள். வண்டிமாட்டு வேகத்தில் போன காலத்திலேயே, வழிப்போக்கர் இராத்திரி எங்கே படுப்பார் என்ற கவலை அரசாங்கத்தின் கவலையாக இருந்திருக்கிறது. வழியில் தங்கிப் போவது என்பது பணக்காரத்தனம், வீண்செலவு என்று இன்று சொல்கிறவர்கள் இந்தச் சத்திரத்தைத் தாண்டித்தான் போகிறார்கள். நெடுஞ்சாலைத் துறையோ சுற்றுலாத் துறையோ செங்கிப்பட்டிக்கும் ஒரத்தநாட்டுக்கும் இடையில் டிரைவர்கள் காசில்லாமல் காலை நீட்டிப் படுக்க ஒரு கூடம், கழிப்பறை, வெளிச்சமான நிறுத்துமிடம் கட்டினால், இந்த மண்ணுக்குப் புதிதாக எதையும் செய்ததாகாது.

செலவு என்ற மறுப்பை ஒதுக்கிவிட முடியாது. மூன்று நாள் ஊர்சுற்றிக் கை வறண்ட குடும்பத்துக்குத் திருச்சியில் இரண்டு அறை வாடகை பாரம்தான். டிரைவருக்கும் ஓர் அறையோ படுக்கையோ கொடுத்தால்தான் தங்குவதில் அர்த்தம் என்பதால் பாரம் இன்னும் கூடும். ஆனால் விமானக் கட்டணமும் பூங்கா நுழைவுச் சீட்டும் போட்ட கணக்கில் இது சிறிய பங்கு. பேட்டாவைக் கொஞ்சம் கூட்டி, “மத்தியானம் வேற சவாரி எடுக்காம தூங்கிட்டு வாங்கண்ணே” என்று முன்கூட்டியே சொல்வது அதைவிடவும் மலிவு. பின்சீட்டில் பெல்ட் போடுவதற்குக் காசே கிடையாது. 14 வயதுக்குட்பட்ட பிள்ளையைக் கட்டாமல் ஏற்றினால் 1,000 ரூபாய் அபராதம் என்று 2019 செப்டம்பரிலிருந்து சட்டமும் இருக்கிறது. வழியனுப்பவும் வரவேற்கவும் ஏழெட்டுப் பேர் திரண்டுபோய், ஏழு பேர் வண்டியில் பத்துப் பேர் நெருக்கிக்கொண்டு வரும் பாசத்தை மட்டும் விட்டுவிட வேண்டும். பெல்ட்டுக்கு அதில் இடமில்லை.

பாப்பாநாடு தாண்டினால் தென்னந்தோப்புகள், பிறகு ஊர். ரயிலில் படுத்துக்கொண்டே வந்து சேரலாமே என்றால், திருவாரூர்–காரைக்குடி அகலப்பாதை ஊர் வழியாக ஓடினாலும் தஞ்சாவூரிலிருந்து பட்டுக்கோட்டைக்கு நேர்பாதை கிடையாது. பல காலமாகக் கேட்டுக்கொண்டே இருக்கிறோம், கேட்பதை நிறுத்தவும் கூடாது. அது வரும்வரை இந்தச் சாலைதான் வழி. திங்கட்கிழமை பள்ளிக்கூடம் இருக்கிறதே என்பதுதான் பெற்றோர் கடைசியாகச் சொல்வது. இரவு திருச்சியில் தூங்கிக் காலை 6 மணிக்குக் கிளம்பினால், செங்கிப்பட்டிப் பக்கம் இட்லி சாப்பிட நிறுத்தினாலும், 9 மணிக்கு முன்பே பட்டுக்கோட்டை. பிள்ளைக்கு முதல் இரண்டு பீரியட் போகும். மத்தியான வகுப்பில் உட்கார்ந்துவிடலாம்.