பதிவேட்டைக் கேட்டல்

டெபியன் இயங்குதளத்திலும் அதன் வழிவந்த உபுண்டுவிலும் மென்பொருள் பொதியாகவே வந்து சேர்கிறது. நிரல், கையேடு, அமைவுக் கோப்புகள், நிறுவும்போது ஓடவேண்டிய சிறு கட்டளைத் தொகுப்புகள் ஆகியவற்றை ஒன்றாகக் கட்டி, பெயரும் பதிப்பெண்ணும் இட்டு, எந்தெந்தப் பொதிகளைச் சார்ந்தது என்ற குறிப்பையும் சேர்த்து வைத்ததே பொதி எனப்படுவது. இயன் மர்டாக் 1993இல் தொடங்கிய டெபியன் திட்டத்தில், பொதிகளை நிறுவவும் நீக்கவும் டிபிகேஜி என்ற கருவி அடுத்த ஆண்டே உருவாயிற்று. அதன் துணைக்கருவியான டிபிகேஜி-குவெரி எதையும் நிறுவுவதுமில்லை, நீக்குவதுமில்லை. கணினியில் என்ன இருக்கிறது என்று கட்டளை வரியில் கேட்பவருக்கு விடை சொல்வது மட்டுமே அதன் வேலை. அவ்விடை வட்டைத் துழாவிக் கண்டதன்று, டிபிகேஜி எழுதிவைத்திருக்கும் பதிவேட்டைப் படித்துச் சொன்னது என்பதை மறந்தவருக்குக் கருவியின் வலிமையும் புரியாது, குறையும் புரியாது.

அந்தப் பதிவேடு வெறும் உரைக்கோப்பு. பொதிக்கு ஒரு பத்தியாக, பெயர், நிலை, பதிப்பு, அளவு, சார்புகள் என வரிவரியாக அமைந்த அதனை எந்த உரைத்திருத்தியிலும் திறந்து படிக்கலாம். ஒவ்வொரு பொதியும் வட்டில் எந்தெந்தக் கோப்புகளை வைத்தது என்ற பட்டியல் தனியே இருக்கிறது. ரெட் ஹேட் மரபின் ஆர்பிஎம் இதே செய்திகளை இருமத் தரவுத்தளத்தில் வைக்கிறது. விரைவு அங்கே கூடுதலாக இருக்கலாம். ஆனால் பழுது நேர்ந்த வேளையில், கண்ணால் படித்துக் கையால் திருத்தக்கூடிய பதிவேட்டுக்கே மதிப்பு அதிகம்.

பொதிகளைப் பட்டியலிடச் சொன்னால், ஒவ்வொரு வரியின் தலையிலும் இரண்டு எழுத்துகள் நிற்கும். முதலாவது நிர்வாகி விரும்பிய நிலை, இரண்டாவது உண்மையில் எட்டிய நிலை. புதியவர்கள் இவற்றைத் தாண்டிப் பெயருக்கே போய்விடுவார்கள், ஆயினும் பட்டியலில் செறிவு மிக்க பகுதி இதுதான். இரண்டும் 'ஐ' எனில் விருப்பமும் நடப்பும் ஒத்திருக்கின்றன. 'ஆர்', 'சி' எனில் நீக்கச் சொன்னபடி நிரல் போய்விட்டது, நிர்வாகி கைவைத்துத் திருத்தியிருக்கக்கூடிய அமைவுக் கோப்புகள் மட்டும் தங்கியிருக்கின்றன. மீண்டும் நிறுவினால் பழைய அமைவு அப்படியே திரும்பும். மின்சாரம் போய் நிறுவல் பாதியில் நின்றிருந்தால், அந்த அரைகுறை நிலையையும் இரண்டாம் எழுத்து மறைக்காமல் சொல்லிவிடும்.

பதிப்பெண் இன்னும் நுணுக்கமானது. 2014 ஏப்ரலில் ஓபன்எஸ்எஸ்எல் நிரலகத்தின் ஹார்ட்பிளீட் குறைபாடு வெளியானபோது, 1.0.1 முதல் அதன் 'எஃப்' திருத்தம் வரை பாதிக்கப்பட்டவை என்று அறிவிக்கப்பட்டது. டெபியனின் அன்றைய நிலைப்பதிப்பில் இருந்ததோ 'இ' திருத்தம். புதிய பதிப்புக்குத் தாவாமல், குறைபாட்டை அடைக்கும் மாற்றத்தை மட்டும் எடுத்துப் பழைய பதிப்பிலேயே பொருத்துவது டெபியனின் வழக்கம் என்பதால், எண்ணின் முன்பகுதி மாறவில்லை, அதன் வாலில் டெபியன் சேர்க்கும் திருத்த எண் மட்டுமே கூடியது. எனவே நிரலையே அதன் பதிப்பைக் கேட்டவருக்கு அச்சமூட்டும் பழைய விடை கிடைத்தது. பதிவேட்டைக் கேட்டவர் வாலையும் சேர்த்துப் படித்து அமைதியடைந்தார். 2024 மார்ச் இறுதியில், கோப்புகளைச் சுருக்கும் எக்ஸ்இசட் கருவிகளின் 5.6.0, 5.6.1 பதிப்புகளில் திட்டமிட்டுப் புகுத்தப்பட்ட கள்ளவழியை ஆண்ட்ரெஸ் ஃப்ராய்ண்ட் கண்டறிந்தபோதும் இதே நுணுக்கம் வேறு உருவில் வந்தது. குறைந்த எண்ணுள்ள பொதியை வழக்கமான மேம்படுத்தல் ஏற்காது என்பதால், டெபியனின் வளர்ச்சிக் கிளையில் தூய பழைய 5.4.5ஐ '5.6.1+ரியலி5.4.5' என்ற விநோதமான எண்ணோடு திரும்பக் கொண்டுவந்தார்கள். முதல் பாதியோடு நிறுத்திக்கொள்கிறவர் கள்ளவழி இன்னும் இருப்பதாகவே முடிவுகட்டுவார்.

சிட்டாவில் எழுதியதும் வயலில் விளைந்திருப்பதும் வேறுபடக்கூடும் என்பது இங்கும் பொருந்தும். பைத்தானின் பிப் கருவியால் சேர்த்தவையும், மூலநிரலிலிருந்து கையால் நிறுவியவையும் இப்பதிவேட்டில் ஏறுவதில்லை. அத்தகைய கோப்பு எந்தப் பொதியுடையது என்று கேட்டால், பொருந்தும் பாதை இல்லை என்பதே விடை. கோப்புகள் மாறியிருக்கின்றனவா என்று சரிபார்க்கும் வசதி டிபிகேஜியில் உண்டெனினும், ஒப்பிடப் பயன்படும் எம்டி5 எண்களும் அதே வட்டில்தான் கிடக்கின்றன. நிர்வாகி உரிமையோடு உள்ளே நுழைந்தவர் கோப்பை மாற்றும்போது அவற்றையும் மாற்றிவிட முடியும். ஆகவே அது வட்டுப் பழுதையும் கவனக்குறைவையும் காட்டிக்கொடுக்கும் அளவுக்குத் திருடரைக் காட்டிக்கொடுக்காது.

நினைவகத்தைப் பற்றியோ பதிவேட்டுக்கு எதுவுமே தெரியாது. திருத்திய நிரலகம் வட்டில் வந்து எண்ணும் மாறிய பின்னும், முன்பே தொடங்கி ஓடிக்கொண்டிருக்கும் வலைச் சேவையகம் பழைய நிரலகத்தையே பயன்படுத்திக்கொண்டிருக்கும். ஹார்ட்பிளீட் நாள்களிலும் மேம்படுத்தியதோடு வேலை முடியவில்லை, சேவைகளை மறுதொடக்கம் செய்யவேண்டியிருந்தது. எவை அவ்வாறு பழையதைப் பற்றிக்கொண்டு ஓடுகின்றன என்று அறிய நீட்ரீஸ்டார்ட் போன்ற வேறு கருவிகள் உள்ளன. அவை ஓடும் நிரல்களையே நேராகப் பார்த்துச் சொல்கின்றன.