மைன்ஸ் மூடினப்போ கைக்குழந்தை

கோலார் தங்கச் சுரங்க ஊரான தங்கவயலில், சாம்பியன் ரீஃப் லைன் வீடுகளில் தனியிடம் என்று எதுவும் கிடையாது. இரு வீட்டுக்கும் பொதுவாக ஒரே சுவர். பக்கத்தில் குழம்பு தாளித்தால் இங்கே இருமல் வரும். வீடு வீடாகப் போய்க் கேள்வி கேட்கும் தேசிய குடும்ப நல ஆய்வின் விதியோ, பெண்ணிடம் தனியாகத்தான் பேச வேண்டும் என்கிறது. நான் உடன்போன குழுவில் ஒருவர் மாமியாரை வாசலுக்கு அழைத்துப்போய் ஊர்க்கதை பேச, இன்னொருவர் டேப்லெட்டுடன் உள்ளே உட்கார்ந்தார். குடும்ப வன்முறை பற்றிய கேள்விகளில் விதி இன்னும் கறார்: தனிமை கிடைக்கவில்லையென்றால் அந்தப் பகுதியையே கேட்கக் கூடாது.

மாநிலம் கர்நாடகம், தங்கவயலில் வாய்திறந்தால் தமிழ். எந்த மொழியில் பேட்டி நடந்தது என்பதையும் பதிவு செய்கிறார்கள்.

கேள்விகளிலேயே கடினமானது பிள்ளைப்பேறு வரலாறு. 15 முதல் 49 வயது வரையுள்ள பெண், பெற்ற ஒவ்வொரு பிள்ளையையும் சொல்ல வேண்டும். இறந்த பிள்ளை உண்டா என்றால் பலரும் "இல்ல" என்பார்கள். அதோடு விடுவதில்லை. "பிறந்து, அழுதுட்டு, உடனே போயிட்டது ஏதாவது உண்டாக்கா?" என்று மறுபடி கேட்க வேண்டும். சில பதில்கள் அப்போதுதான் வரும்.

பிறந்த தேதியைப் பிடிப்பது இன்னொரு பாடு. "மைன்ஸ் மூடினப்போ இவன் கைக்குழந்தை" என்றார் ஓர் அம்மா. சுரங்கம் மூடியது 2001 பிப்ரவரி 28. அங்கிருந்து பண்டிகை பண்டிகையாகப் பின்னால் போய் மாதத்தைப் பிடித்தார் கேள்வி கேட்ட பெண். கேள்வி கேட்பவருக்கு இதில் ஒரு சபலமும் உண்டு. ஐந்து வயதுக்குள் பிள்ளை இருந்தால் தடுப்பூசி, தாய்ப்பால் என்று கேள்விகள் நீளும். ஆறு வயது என்று போட்டுவிட்டால் வேலை மிச்சம்! உலகெங்கும் தெரிந்த தில்லுமுல்லு என்பதால், வயதுக் கணக்கைக் குழுவாரியாக ஆராய்கிறார்கள்.

இந்த வேலைக்கு இந்த மண்ணில் பழைய வேர் உண்டு. அன்று இந்த ஊரையும் ஆண்ட மைசூர் அரசு 1930இலேயே குடும்பக் கட்டுப்பாட்டு மையங்களைத் திறக்க உத்தரவிட்டது. 1951-52இல் ஐ.நா.வும் இந்திய அரசும் சேர்ந்து மைசூர் மக்கள்தொகை ஆய்வை நடத்தின. தேசிய குடும்ப நல ஆய்வு தொடங்கிய 1992-93இல் நாட்டில் ஒரு பெண்ணுக்குச் சராசரியாக 3.4 பிள்ளைகள், 2019-21இல் 2.0. கர்நாடகத்தில் 1.7.

அந்த 1.7ஐக் கெடுக்கப் பூட்டிய வீடுகளே போதும். தங்கவயலில் பூட்டிய வீடுகள் நிறைய. சுரங்கம் போனபின் ஊரில் வேலை இல்லை; மாரிக்குப்பத்தில் விடியற்காலை ரயிலேறி பெங்களூருக்குப் போகிறவர்கள் ஏராளம். ஆய்வுக்குத் தேர்வான வீடு பூட்டியிருந்தால், அதற்குப் பதில் பக்கத்து வீட்டைச் சேர்க்கக் கூடாது. அப்படிச் சேர்த்தால், கைப்பிள்ளையோடு வீட்டிலிருக்கும் பெண்களே கணக்கில் நிறைந்து, எண் வீங்கிவிடும். குறைந்தது மூன்று முறை அதே கதவைத் தட்ட வேண்டும். எனவே இந்தக் குழுவுக்கு ஞாயிற்றுக்கிழமைதான் வேலை அதிகம்.